கேள்வி – பதில்: பீலி மொழியும் அதன் ஒலிகளும்

சென்ற இதழில் மேற்கிந்தியாவின் பீல் பழங்குடி மக்களைப் பற்றி எழுதியிருந்தோம். அவர்களுடைய பேச்சான பீலி மொழியைப் பற்றி அதில் இரண்டே வரிகள்தான் இருந்தன; கடிதங்கள் குவிந்தது அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான். மயிற்பீலிக்கும் இந்தப் பீலிக்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதையும் சிலர் கேட்டிருந்தார்கள்.

ஒலிகளைக் காட்டுவதற்குத் தோத்திரப் புத்தகங்களில் பழகிய முறையையே இங்கும் கையாள்கிறோம். வெறும் க என்றால் மூச்சில்லாத வல்லொலி, க² மூச்சோடு வரும் வல்லொலி, க³ தொண்டை அதிர வரும் குரலொலி (‘தங்கம்’ என்பதில் வரும் க போல), க⁴ மூச்சோடு வரும் குரலொலி. ட, த, ப ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

‘பீல்’ என்ற பெயர் நம்முடைய ‘வில்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று படித்தேன். அப்படியானால் பீலி ஒரு திராவிட மொழிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

இல்லை ஐயா. அந்தப் பெயர் விளக்கத்தை ஏற்பவர்கள் உண்டு. ஆனால், ஓர் இனத்துக்குப் பிறர் இட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அந்த இனம் பேசும் மொழியின் குடும்பத்தைத் தீர்மானிக்க முடியாது. குடும்பத்தைக் காட்டுபவை எண்ணுப்பெயர்களும், நான், நீ போன்ற மூவிடப்பெயர்களும், உருபுகளும், வினைமுடிவுகளும்தான். பீலியில் ஒன்று ‘ஏக்’, இரண்டு ‘பே³’. ‘உடைய’ என்ற பொருள் தரும் உருபு வடக்கு வட்டாரங்களில் ‘நோ, நீ, நூ’ என்று பாலுக்கேற்ப மாறும். இவையெல்லாம் குஜராத்தியோடு ஒட்டிப்போகின்றவை. ஆகவே இது இந்தோ-ஆரியக் குடும்பத்தின் மேற்குக் கிளை; குஜராத்தி, ராஜஸ்தானி, மராத்தி ஆகிய மூன்றுக்கும் நடுவே கிடக்கும் ஒரு பேச்சுத் தொடர். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் ஜார்ஜ் கிரியர்சன் தொகுத்த இந்திய மொழி அளவீட்டில் 9ஆம் தொகுதியின் 3ஆம் பாகம், 1907இல் வந்தது, பீல் மொழிகளையும் அவற்றோடு சேர்த்துக் காந்தேசி, பஞ்சாரி போன்ற சில பேச்சுகளையும் பற்றியது.

பீல்கள் முன்னொரு காலத்தில் வேறொரு மொழி பேசியிருப்பார்கள் என்ற ஊகம் பழையது. அந்த மொழி இன்னதுதான் என்று காட்டும் எழுத்துச் சான்று கிடையாது. மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் பேசப்படும் நிஹாலியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது எந்தக் குடும்பத்திலும் சேராத தனி மொழி. பீலியின் கிளை அன்று.

மொழியியல் வகுப்பில் பீலியைப் பற்றி இரண்டு விதிகள் சொன்னார்கள். ஸ என்பது ஹ ஆகும். ச என்பது ஸ ஆகும். ஸ எல்லாம் ஹ ஆகிவிட்டால், ச-விலிருந்து வந்த ஸ மட்டும் ஏன் ஹ ஆகாமல் நிற்கிறது?
– பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் சொல்லாமல் விட்ட மூன்றாவது விதியையும் சேர்த்துப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும்.

பழைய ஹ விழுவது ஒரு மாற்றம். ‘கை’க்கு ஹிந்தியிலும் குஜராத்தியிலும் ‘ஹாத்²’. பீலியின் பல வட்டாரங்களில் அது ‘ஆத்²’. பழைய ஸ ஹ ஆவது இன்னொன்று. ஏழு என்பது குஜராத்தியில் ‘ஸாத்’, பீலியில் ‘ஹாத்’. மூன்றாவது, ‘பச்சை’ என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் ச போன்ற ஒலி ஸ ஆவது. நான்கு குஜராத்தியில் ‘சார்’, பீலியில் ‘ஸார்’. ஐந்து குஜராத்தியில் ‘பாஞ்ச்’, பீலியில் மூக்கொலி கலந்த ‘பாஸ்’.

இனி வரிசையைப் பாருங்கள். ஸ ஹ ஆனது முதலிலும் ஹ விழுந்தது பிறகும் என்றால் ஏழின் தலையில் புதிதாக வந்த ஹ-வும் விழுந்திருக்கும். ஏழு ‘ஆத்’ ஆகியிருக்கும். அப்படி ஆகவில்லை. ஆகவே பழைய ஹ விழுந்து முடிந்த பிறகுதான் ஸ அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அதேபோல, ச முதலில் ஸ ஆகியிருந்தால் நான்கும் ஏழோடு சேர்ந்து ‘ஹார்’ என்று போயிருக்கும். அதுவும் நடக்கவில்லை. எனவே ஹ வீழ்ச்சி, ஸ→ஹ, ச→ஸ என்பதே வரிசை. ஒன்று விட்டுப்போன இடத்தை அடுத்தது பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. எதுவும் எதன்மேலும் மோதவில்லை. தேர்வில் விதிகளை எழுதினால் மட்டும் போதாது, வரிசையையும் எழுதுங்கள். வரிசையில்லாமல் விதிகளை மட்டும் எழுதினால் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத் திருத்துபவரும் கேட்பார்.

கொழும்பில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சிங்களத்தில் ஏழு ‘ஹத’, கை ‘அத’. பீலியின் ‘ஹாத்’, ‘ஆத்²’ என்ற இணை அப்படியே இருக்கிறது பாருங்கள். சிங்களத்திலும் பழைய ஹ விழுந்த பிறகே ஸ ஹ ஆனது. ஆனால் நான்குக்கு வரும்போது இரண்டும் பிரிகின்றன. சிங்களத்தில் நான்கு ‘ஹதர’, ஐந்து ‘பஹ’. அதாவது சிங்களத்தில் பழைய ச முதலில் ஸ ஆகி, ஸ-வோடு கலந்து, பிறகு எல்லாம் சேர்ந்தே ஹ பக்கம் நகர்ந்திருக்கிறது. நிலவுக்கு எழுத்து வழக்கில் ‘ஸந்த’ என்றும் பேச்சில் ‘ஹந்த’ என்றும் இருப்பது அந்தப் பயணத்தின் இடைத்தரிப்பைக் காட்டுகிறது. பீலி ஸ-வில் நிறுத்திக்கொண்டது, சிங்களம் ஹ வரை போனது. மாற்றங்கள் ஒன்றேதான், வரிசைதான் வேறு. பாடநூலில் தேடினாலும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது கஷ்டம்.

இதை வைத்து பீலியும் சிங்களமும் நெருங்கிய உறவு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஸ ஹ ஆவது உலகில் பல இடங்களில் தனித்தனியாக நடந்த மாற்றம். லத்தீனில் ‘ஸெப்தெம்’ என்ற ஏழு பண்டைக் கிரேக்கத்தில் ‘ஹெப்தா’, பாரசீகத்தில் ‘ஹஃப்த்’.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இந்த மாற்றங்கள் பீலிக்கு மட்டும் உரியவை அல்ல. நாட்டுப்புறக் குஜராத்தியிலும் ஸ-வுக்கு ஹ கேட்கும்; நல்லது என்று பொருள்படும் ‘ஸாரு’ அங்கே ‘ஹாரு’ ஆகும். ராஜஸ்தானின் மேவாடிப் பேச்சிலும் இது உண்டு. இரண்டாவது, எல்லா வட்டாரத்திலும் ஒரே அளவில் நடக்கவில்லை. பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமும் கொண்டுவந்த புதிய சொற்களில் ஸ அப்படியே நிற்பது சாதாரணம். ஒரே ஆள் ஒரே வாக்கியத்தில் ஏழுக்கு ஹ-வும் ‘ஸர்கார்’ என்பதற்கு ஸ-வும் சொன்னால் அது தடுமாற்றம் அல்ல. பின்னது, மாற்றம் நடந்து முடிந்த பிறகு உள்ளே வந்த சொல்.

ஆய்வுக் கட்டுரைக்குத் தரவு வேண்டுமென்றால் கிரியர்சன் தொகுதியின் நிலையான சொற்பட்டியலை எடுங்கள். 241 சொற்களும் வாக்கியங்களும் கொண்ட அதே பட்டியலைப் பல வட்டாரங்களுக்கும் நிரப்பியிருக்கிறார்கள். முதல் 10 உருப்படிகள் எண்கள். அவற்றோடு ‘கை’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டால் மேலே சொன்ன வேலைக்குப் போதும். விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையையும் பல வட்டாரப் பேச்சுகளில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாதிரிகள் பெரும்பாலும் உள்ளூர் அலுவலர்களும் பாதிரிமாரும் எழுதி அனுப்பியவை. அனுப்பியவர் பள்ளிக் குஜராத்தியில் பழகியவராக இருந்தால், காதுக்கு ஹ கேட்டிருந்தாலும் கை ஸ என்று எழுதியிருக்கும். ஒருவர் அனுப்பிய ஒரே மாதிரிக்குள்ளேயே ஒரு சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் அந்த இடத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஒலியைப் பற்றி நம்பத்தக்க செய்தி பல நேரம் அங்கேதான் இருக்கும்.

ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் உபதலைப்பு எழுதுகிறேன். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் எடுத்தது. பீலிச் சொற்கள் ரோமன் எழுத்தில் தரப்பட்டிருக்கின்றன. தமிழில் எப்படி எழுதுவது?
– மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை

முதலில் ரோமன் எழுத்தைப் பற்றிய ஒரு பொறி. இலங்கையில் நாம் ‘ரி’ (T) எழுத்துக்குப் பக்கத்தில் ‘எச்’ (H) போட்டால் அதைத் த என்று வாசிப்போம். நம் பெயர்களையெல்லாம் அப்படித்தான் எழுதுகிறோம். ‘ரி’ தனியாக நின்றால் ட அல்லது ற். வட இந்திய ரோமன் வழக்கில், குறிப்பாக மொழி ஆய்வாளர் எழுத்தில், கணக்கு வேறு. வெறும் ‘ரி’ என்றால் த. கீழே புள்ளியிட்ட ‘ரி’ என்றால் ட. ‘எச்’ சேர்ந்தால் மூச்சு என்று பொருள். ஆகவே உங்கள் கையிலுள்ள பட்டியலில் ஏழின் கடைசியில் ‘எச்’ இல்லாமலும், கையின் கடைசியில் ‘எச்’ சேர்த்தும் எழுதியிருப்பார்கள். நம் பழக்கத்தில் வாசித்தால் ஏழு ‘ஹாட்’ ஆகும். பழைய ஹ விழாத ஊரின் பேச்சென்றால் கை ‘ஹாத்’ ஆகிப் பீலியின் ஏழாகிவிடும். உபதலைப்பில் ஏழு மாடு என்பது கை மாடு ஆனால் பார்ப்பவர் என்ன செய்வார்?

யாழ்ப்பாணப் பேச்சுள்ளவருக்கு இன்னொரு சறுக்கலும் உண்டு. ‘காற்று’ என்பதில் நாம் ஒலிக்கும் நுனியண்ண ற்ற தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் போய்விட்டது; நம்மிடம் இருக்கிறது. ஆங்கில ‘ரி’யையும் நாம் அந்த ஒலியிலேயே வாங்கிக்கொள்கிறோம். பீலியில் அந்த நடு ஒலி இல்லை; பல்லில் தொடும் த, நா மடங்கும் ட என்ற இரண்டுதான். ‘ஆத்²’ என்றால் கை, ‘ஆட்²’ என்றால் எட்டு. நடுவில் ற் போட்டால் கேட்பவருக்கு இரண்டில் எது என்று தெரியாது. சிங்களத்தில் கை ‘அத’, எட்டு ‘அட’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இங்கே தவறாது.

இனி எழுதும் முறை. ஊர்ப் பெயர்களுக்கு அரசாங்க எழுத்தையே பின்பற்றுங்கள்: ஜாபுவா, அலிராஜ்பூர், தார், தாஹோத், பான்ஸ்வாடா, டூங்கர்பூர். ஒருவர் பேச்சில் அதை வேறுவிதமாகச் சொன்னாலும் வரைபடத்தில் தேடுபவருக்கு அதுதான் உதவும். பாட்டு, விளிப்பெயர், சடங்குப் பெயர் போன்றவற்றுக்கு மட்டும் பேசியபடி எழுதுங்கள்.

ஸ ஒலிக்கு எப்போதும் ஸ போடுங்கள், ச போட வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் ச-வை நம்மில் பலர் ஸ போலவே வாசிப்பதால் இரண்டும் கலந்துவிடும். ஹ ஒலிக்கு ஹ மட்டுமே. இரண்டு உயிர்களுக்கு நடுவே க எழுதினால் ‘மகன்’ என்பதில் வருவதுபோல ஹ சாயலில் வாசித்துவிடுவோம். பீலியில் க, க³, ஹ மூன்றும் வேறு வேறு, அதிலும் ஹ விழக்கூடியது. ஆகவே ‘தாகோத்’ என்று எழுதாதீர்கள். ஜ பல இடங்களில் உரசி, பாரசீகச் சொற்களில் வரும் ஃஜ போலக் கேட்கும். உபதலைப்பில் அதற்கு ஜ போதும். நான்கை ‘ஸார்’ என்று எழுதினால் யாரையோ ‘ஸேர்’ என்று கூப்பிடுவதாகச் சிலர் நினைக்கலாம். அதைத் தவிர்க்க வழியில்லை; அந்த இடத்தில் மட்டும் பொருளைத் தமிழில் போட்டுவிடுங்கள்.

மேல் எண்களை உபதலைப்பில் போடவே வேண்டாம். திரையில் நிற்கும் இரண்டு வினாடிகளில் யாரும் அதை வாசிக்க மாட்டார்கள். நீங்களும் தயாரிப்பாளரும் வைத்துக்கொள்ளும் சொற்பட்டியலில் மட்டும் போடுங்கள். அங்கே தட்டச்சும்போது எண்ணை உயிர்க்குறிக்குப் பிறகு இட வேண்டும்: ‘கோ⁴டோ³’, ‘பீ⁴லி’. எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் நடுவே எண்ணைச் செருகினால் பல எழுத்துருக்களில் உயிர்க்குறி கழன்று புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். எண் இட்ட சொல் தேடலில் அகப்படாது என்பதால் பக்கத்து நிரலில் எண்ணில்லாத வடிவத்தையும் வைத்திருங்கள்.

மூக்குயிர் இன்னொரு தொல்லை. ஐந்து என்ற ‘பாஸ்’ சொல்லில் ஆ மூக்கு வழியாக வரும்; அங்கே ந், ஞ், ங் எதுவும் தனியாக ஒலிக்காது. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘மரம்’ என்ற சொல்லின் கடைசி ம் கரைந்து உயிர் மூக்கொலியாவதைச் சினிமாவில் கேட்டிருப்பீர்கள்; அதே சங்கதிதான். இலங்கைத் தமிழில் அந்த ம் பெரும்பாலும் உதடு கூடித் தெளிவாக வரும் என்பதால் நமக்கு இந்த ஒலி கொஞ்சம் அந்நியம். நம்மவர்கள் இதைப் ‘பான்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். உபதலைப்பில் ‘பாஸ்’ என்றே விடுங்கள். பட்டியலில் பக்கத்தில் ‘மூ’ என்று குறித்துக்கொண்டால் போதும்.

க⁴, ப⁴, த⁴ ஆகியவற்றை எப்படிச் சரியாக ஒலிப்பது? ஹிந்தி வகுப்புக்குப் போயும் வரவில்லை.
– வாசகர், பம்பலப்பிட்டி

மூச்சொலி வராததற்குக் காரணம் உங்கள் நாக்கு அல்ல. தமிழ் கேட்காத ஒன்றை அது கேட்கிறது, அவ்வளவுதான். லிஸ்கர், ஏப்ரம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இல் பல மொழிகளை அளந்தார்கள். உதடு அல்லது நாக்கு விடுபட்ட கணத்திலிருந்து தொண்டை அதிரத் தொடங்கும் வரை எத்தனை மில்லி வினாடி என்பதே அளவு. தமிழின் ப, த, க ஆகியவற்றுக்கு அது 8 முதல் 24 வரை. ஹிந்தியின் ப², த², க² போன்றவற்றுக்கு 60 முதல் 92 வரை. நடுவிலுள்ள அந்த இடைவெளியை மூச்சால் நிரப்ப வேண்டும். இலங்கை ஆங்கிலத்தில் ப, க ஆகியவற்றை மூச்சில்லாமலே ஒலிப்பவர்கள் அதிகம் என்பதால், ‘ஆங்கிலத்தில் சொல்வதுபோலச் சொல்லுங்கள்’ என்று இந்தியப் பாடநூல்கள் தரும் யோசனையும் இங்கே பலிப்பதில்லை. சிங்களமும் உதவாது. எழுத்தில் மூச்செழுத்துகள் இருந்தாலும் பேச்சில் அவை சாதாரண எழுத்துப் போலத்தான் ஒலிக்கும்.

முதலில் ப² பழகுங்கள். ரிஷூ தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு மூன்று விரல் தூரத்தில் தொங்கவிடுங்கள். ‘பா’ சொல்லும்போது தாள் அசையக் கூடாது. ‘பா²’ சொல்லும்போது விலகிப் பறக்க வேண்டும். இரண்டிலும் அசைந்தால் நீங்கள் எல்லாவற்றையும் ஊதுகிறீர்கள் என்று அர்த்தம். அதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. மூச்சைக் கூட்டப் பழகுவதைவிட மூச்சில்லாத ‘பா’வைக் காப்பாற்றிக்கொள்வது பல பேருக்குக் கடினமாக இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சோதனையே பொய்.

ப⁴ வேறு வேலை. இங்கே தாள் நம்பத்தக்க சாட்சி அல்ல, விரல்தான் சாட்சி. குரல்வளையில் விரலை வைத்து ‘பா³’ என்று சொல்லுங்கள். உதடு திறக்கும் முன்பே அதிர்வு தெரிய வேண்டும். அடுத்து அந்த அதிர்வை விடாமல், பெருமூச்சு விடுவதுபோலக் குரலைத் தளர்த்தி ஆ-வைத் தொடருங்கள். வழக்கமாக இரண்டு இடத்தில் கெடும். ஒன்று, அதிர்வு நின்று ப² ஆகிவிடும். விரல் அதைக் காட்டிக்கொடுக்கும். மற்றது, நடுவில் ஓர் உயிர் புகுந்து, குதிரை என்ற ‘கோ⁴டோ³’ மூன்று அசை கொண்ட ‘கொஹோடோ’ ஆகிவிடும். மேசையில் தட்டி எண்ணுங்கள். இரண்டு தட்டுக்கு மேல் வரக் கூடாது.

இவ்வளவு உழைத்த பிறகு இதைச் சொல்வது சங்கடம்தான்: சில பீல் வட்டாரங்களில் இந்தக் குரல்மூச்சொலிகள் தளர்ந்து போயிருக்கின்றன, அங்கே குதிரை வெறும் ‘கோ³டோ³’. ஆனாலும் க²-வையும் த²-வையும் விட்டுவிட முடியாது. ஹ விழாத ஊரில் ஏழுக்கும் கைக்கும் நடுவே நிற்பது அந்தக் கடைசி மூச்சு ஒன்றுதான்.

காதைப் பழக்கக் கொழும்பிலேயே வழி உண்டு. போரா சமூகத்தார் வீட்டில் பேசுவது குஜராத்தியின் ஒரு வகை. பீலிக்கு அது அண்டை வீடு. பழகியவர்கள் இருந்தால் எண்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழருக்குப் பீலியில் இலேசான ஒலி ஏதாவது உண்டா?
– வாசகி, மருதானை

ண, ள இரண்டும். தண்ணீர் ‘பாணி’, கறுப்பு ‘காளோ’. ஹிந்தி பேசுபவர் இவற்றை ன, ல ஆக்கிவிடுவார். சிங்களத்தில் எழுத்து மட்டும் இருக்கிறது, ஒலி கலந்துவிட்டது. நமக்கு இரண்டும் கைவசம். சொல்லின் முதலில் இவை வராது என்ற விதிகூடத் தமிழில் உள்ளதுதான். உயிர்களுக்கு நடுவே வரும் ட-வும் ‘வீடு’ என்பதில் நாம் செய்வதுபோல நாக்கைத் தட்டி விடுவதுதான். குறில் அ-வுக்கு, சிங்களக் ‘கரனவா’ என்ற சொல்லின் முதல் அ-வை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை அவ்வளவு திறக்க வேண்டியதில்லை.

ஒரு கோடிப் பேர் பேசுகிறார்கள் என்று எழுதினீர்கள். அப்படியானால் இந்திய அரசியலமைப்பு ஏற்ற மொழிகளின் பட்டியலான 8ஆம் அட்டவணையில் ஏன் இல்லை?
– சட்ட மாணவர், கொள்ளுப்பிட்டி

2011 இந்தியக் குடிசன மதிப்பீட்டில் பீலி, பீலோடி என்ற தலைப்பின் கீழ் 1,04,13,637 பேர். அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் சிலவற்றைவிட இது பல மடங்கு. 2003இல் 92ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட போடோவும் டோக்ரியும் இதைவிட மிகச் சிறியவை. சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் அதே கணக்கெடுப்பில் 24,821 பேர். எண்ணிக்கை என்பது நுழைவுச் சீட்டு அல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

எங்கள் பார்வையில் இரண்டு காரணங்கள் கனமானவை. பீல் நிலம் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று நான்கு மாநில எல்லைகளால் வெட்டப்பட்டிருக்கிறது. எந்த மாநிலத்திலும் அது பெரும்பான்மை மொழி அல்ல. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் தேவநாகரியில் எழுதுகிறார்கள், குஜராத்தில் குஜராத்தி எழுத்தில். அடுத்தது, அந்த ஒரு கோடி என்பது ஒரே பேச்சு அல்ல. வாக்³டி³ என்று தன் மொழியைச் சொன்னவர்களே அதில் 33 இலட்சத்துக்கு மேல். பீலாலி, பாரேலி, வஸாவா, காமித் எல்லாம் அதே குடைக்குள் எண்ணப்படுகின்றன. எந்த ஊர்ப் பேச்சைப் பாடநூலுக்கு எடுப்பது என்ற கேள்விக்கு விடை கண்டால்தான் மற்றவை நகரும். ஒலி வேறுபாடுகளைப் பற்றி மேலே இவ்வளவு எழுதியதற்கும் அதற்கும் தொடர்புண்டு. ஸ என்று அச்சிட்டால் ஹ என்பவர் அதைத் தன் மொழி என்று ஏற்பாரா என்பது எழுத்துக்கூட்டல் குழுவின் முதல் சண்டையாக இருக்கும்.

இந்தூரில் உள்ள நண்பர் மூலம் பீலி பேசுபவர்களின் குரலை வட்ஸ்அப்பில் பெற்று ஒலிகளை ஆராயலாமா?
– உயர்தர மாணவன், வத்தளை

சொற்களைத் திரட்டலாம். ஒலியை ஆராய அது போதாது தம்பி, அதிலும் இந்த மொழிக்கு. ஸ-வின் பலம் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய தொலைபேசி அழைப்பு 300 முதல் 3,400 வரைதான் கடத்தும். குரல் குறிப்பும் கோப்பைச் சுருக்கத்தான் செய்கிறது. ஸ-வா ஹ-வா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அதைத் தீர்மானிக்கும் பகுதியை வெட்டிவிட்டு என்ன பார்ப்பது?

நண்பரிடம் கைத்தொலைபேசியிலேயே பதிவுச் செயலி ஒன்றில் வேவ் கோப்பாக, 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் பதியச் சொல். பிறகு அதைக் குரல் குறிப்பாக அனுப்பாமல், ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பச் சொல். ஒரு நிமிடப் பதிவு ஏறக்குறைய 5 மெகாபைட் வரும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ப²-வின் மூச்சு ‘டப்’ என்று அடித்துவிடும். மின்விசிறி இங்கேயும் எதிரி, அதன் இரைச்சல் ஹ-வைப் போலவே இருக்கும்.

பேசுபவருக்கு முன்பற்கள் இருக்க வேண்டும். இது கேலி அல்ல. முன்பல் விழுந்தவரின் ஸ தானாகவே மாறியிருக்கும், அதை மொழியின் மாற்றம் என்று எண்ணிவிடுவாய். வாயில் புகையிலையோ பாக்கோ இருந்தால் துப்பிவிட்டு வரச் சொல்ல வேண்டும். பெண்கள், ஆண்கள், பள்ளிக்குப் போனவர், போகாதவர் என்று குறைந்தது நான்கு பேராவது வேண்டும். சொல்லை ஹிந்தியில் சொல்லி ‘உங்கள் மொழியில் என்ன?’ என்று கேட்டால் பாதிப் பேர் ஹிந்தி ஒலியையே திருப்பித் தருவார்கள். படத்தையோ பொருளையோ காட்டிக் கேட்க வேண்டும். எண்களுக்கு விரலை அல்லது கூழாங்கல்லைக் காட்டலாம். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லவைத்து நடுவிலுள்ளதை எடு. முதலாவது தயக்கத்தோடும் கடைசி இறங்கும் குரலோடும் வரும்.

ஆராய்வதற்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் போதும். ஒலியின் அதிர்வெண்களை அது கறுப்பு வெள்ளைப் படமாக வரையும்; தொடக்கத்தில் 5,000 ஹேர்ட்ஸ் வரைதான் காட்டும். ஸ-வைப் பார்க்க 10,000 ஆக உயர்த்திக்கொள். மேல் பாதியில் கறுப்பாகத் திரண்டிருந்தால் ஸ. அடுத்து வரும் உயிரின் பட்டைகளே மங்கலாக முன்கூட்டித் தெரிந்தால் ஹ. ஒன்றுமே இல்லாமல் உயிர் நேரே தொடங்கினால் ஹ விழுந்துவிட்டது. பதிந்த ஊர், மாவட்டம், பேசுபவரின் வயது ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவை. ஆளின் பெயர் வேண்டாம். பதிவதற்கு முன்பு எதற்காகப் பதிகிறோம் என்று அவருக்கு அவர் மொழியிலேயே சொல்லிச் சம்மதம் கேட்டு, அந்தச் சம்மதத்தையும் பதிந்துகொள்.